ஒரே கம்ப்யூட்டரில் சாம்ப்ளரும் சீக்வென்சரும்: வீட்டு ஸ்டூடியோவுக்குச் சில குறிப்புகள்

கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டு போடுகிறவர்களுக்கு ஒரு தனி வேலை உண்டு. தமிழில் ஒரு பாட்டை முடித்ததும் அதே மெட்டைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பார்கள். மூன்றுக்கும் பெங்களூரு ஸ்டூடியோவில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்தால் கட்டாது. வீட்டிலேயே ஒரு லேப்டாப், ஒரு சின்ன கீபோர்டு, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

சீக்வென்சருக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்று அது எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நிஜ வாத்தியத்தின் ஒலித்துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்ன நேரத்தில் வாசிப்பது சாம்ப்ளர். ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும்போது சவுண்ட் டிரைவர், மெமரி, டிஸ்க் என்று மூன்று விஷயத்துக்குத்தான் இரண்டுக்கும் தகராறு வரும். தீர்த்து வைக்கக் கூடியதுதான்.

1. முடிந்தவரை இரண்டையும் தனித்தனியாகத் திறக்காதீர்கள். ரீப்பர், கியூபேஸ் போன்ற சீக்வென்சருக்குள்ளேயே சாம்ப்ளரை பிளக்-இன் ஆக ஏற்றுங்கள். கியூபேஸ் தயாரித்த ஸ்டெய்ன்பெர்க் 1996ல் விஎஸ்டி என்ற பிளக்-இன் முறையைக் கொண்டுவந்ததால் கிடைத்த சௌகரியம் இது. 1998ல் தனி மென்பொருளாக வந்த கிகாசாம்ப்ளர், ஒலித்துண்டின் தொடக்கத்தை மட்டும் மெமரியில் ஏற்றிவிட்டு மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓட ஓட எடுத்தது. அன்றைக்கு அது பெரிய வித்தை. ஆனால் தனக்கென்று தனி வகை டிரைவர் கேட்டதால் சீக்வென்சரோடு ஒரே பெட்டியில் ஒத்துப்போகத் திணறும். வசதியுள்ளவர்கள் அதற்கென்றே இன்னொரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். பின்னாளில் அதை வாங்கிய டாஸ்காம் 2008ல் கைவிட்டது. "சாம்ப்ளருக்குத் தனி சிஸ்டம் வேணும்" என்று இன்றும் ஆலோசனை சொல்பவர்கள் அந்தக் காலத்திலேயே நிற்கிறார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல மைக் வாங்கலாம்.

2. தனியாகத்தான் ஓட்ட வேண்டும் என்றால் நடுவில் ஒரு மெய்நிகர் மிடி கேபிள் தேவை. விண்டோஸில் லூப்மிடி என்ற சின்ன மென்பொருள் போதும். மேக்கில் ஐஏசி டிரைவர் கூடவே வருகிறது. ஆடியோ மிடி செட்டப்பில் இயக்கிவிட்டால் சரி. சீக்வென்சரின் அவுட்புட்டும் சாம்ப்ளரின் இன்புட்டும் ஒரே போர்ட்டில் இருக்க வேண்டும். ஒரு போர்ட்டில் 16 சேனல். நாதஸ்வரம் 1, தபேலா 2 என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

3. ஒரு சுரம் அழுத்தினால் இரண்டு மூன்றாகக் கேட்கிறதா, சிஸ்டம் உறைந்து நிற்கிறதா? அனுப்பிய செய்தி அதே கேபிள் வழியே சீக்வென்சருக்குத் திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் போர்ட்டை இன்புட் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

4. ஒரு மென்பொருளில் சத்தம் வந்து மற்றதில் வராவிட்டால் கேபிளைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஏசியோ வகை சவுண்ட் டிரைவர்கள் சில ஒரு நேரத்தில் ஒரே மென்பொருளுக்குத்தான் வழிவிடும். இன்டர்ஃபேஸ் வாங்கும்போதே "ஏசியோவில் ரெண்டு சாஃப்ட்வேர் ஒண்ணா ஓடுமா?" என்று கேளுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால், அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லலாம்.

5. இரண்டு மென்பொருளிலும் இன்டர்ஃபேஸிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும். 48,000ல் பதிந்ததை எந்த மாற்றமும் செய்யாமல் 44,100ல் ஓட்டினால் வேகம் குறைவதோடு சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை இறங்கிவிடும். பாடகர் மேல் பழி போடும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

6. பஃபர் அளவை வேலைக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். 44,100ல் 128 என்றால் சுமார் 3 மில்லி செகண்ட் தாமதம், 256 என்றால் 6, 1024 என்றால் 23. கீபோர்டு வாசித்துப் பதியும்போது 128 அல்லது 256 வையுங்கள். கலக்கும்போது 1024க்குப் போங்கள். சிறிய பஃபரில் படபடவென்று வெடித்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். பவர் அமைப்பை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். சாம்பிள் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்குங்கள்.

7. மெமரி 8 ஜிபிதான் என்றால், வாசிக்காத சுரங்களின் துண்டுகளை இறக்கிவிடலாம். கான்டாக்ட் சாம்ப்ளரில் பர்ஜ் என்று இதற்கொரு வசதி உண்டு. சாம்பிள்களை எஸ்எஸ்டியில் வையுங்கள்.

8. அப்படியும் மூச்சு வாங்கினால், முடிந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்து ஆடியோவாக மாற்றுங்கள். ஸ்டீரியோ 16 பிட், 44,100ல் ஒரு நிமிடம் சுமார் 10 எம்பிதான்.

9. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ஸ்பீக்கரில் இரைச்சல் நின்றால் கோளாறு எர்த்தில். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து கரன்ட் கொடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சலுக்குப் பயந்து எர்த் பின்னை உடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து. ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரும் இரையும். சைன் வேவ் நல்லது. கரன்ட் போகிற நேரம் நம் கையில் இல்லை என்பதால் ஆட்டோ சேவ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கட்டும்.

10. கடையில் விற்கிற "இந்தியன் டிரம்ஸ்" தொகுப்பில் நம்மூர்த் தப்பட்டை அபூர்வம், இருந்தாலும் ஒரே மாதிரி டம் டம் என்று கேட்கும். நீங்களே பதியுங்கள். தீயில் காய்ச்சிய தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும். ஆகையால் காய்ச்சிய சூட்டோடு பதிந்து, இடையிடையே மறுபடி காய்ச்ச நேரம் கொடுங்கள். ஒவ்வோர் அடியையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி, மிக ஓங்கி என்று நாலு அழுத்தத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு முறை. மிடியில் அழுத்தம் 1 முதல் 127 வரை. நாலு அடுக்கையும் அதற்குள் பிரித்துப் போட்டு, ஒரே அழுத்தத்தின் பல பதிவுகளை மாற்றி மாற்றி வரும்படி வைத்தால் மெஷின் வாசித்த வாடை போய்விடும். குச்சி விழுவதற்கு முன்னால் உள்ள அமைதியை ஒட்ட நறுக்குங்கள், இல்லையென்றால் தாளம் பின்தங்கும். பதிவு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடக் கூடாது. அடிக்கும் அண்ணனிடம், இது கம்ப்யூட்டரில் ஏறிப் பல பாட்டில் வரும் என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கூலியையும் அதற்குத் தகுந்தபடி பேசுங்கள். ஒரு மாலை வேலை, ஆனால் அவர் கை பத்து வருஷம் உங்கள் பாட்டில் உழைக்கப்போகிறது.

11. நாதஸ்வரக் கமகத்துக்கு பிட்ச் பெண்ட் சக்கரம்தான் கதி. பெரும்பாலான சாம்ப்ளர்களில் அது மேலும் கீழும் ஒரு கட்டை அளவுக்குத்தான் நகரும். மிடியில் இந்த நகர்வுக்கு 16,384 படிகள் உண்டு. எனவே வரம்பை ஒரு ஸ்தாயியாக விரித்தாலும் இழைப்பு கெடாது. சீக்வென்சர் சக்கரத்தின் நிலையை மட்டுமே எழுதி வைக்கிறது, வரம்பு இருப்பது சாம்ப்ளரில். வேறு சாம்ப்ளருக்கு மாற்றினால் அங்கும் அதே வரம்பை வையுங்கள். மறந்தால் தோடி பாடிய நாதஸ்வரம் முனகும்.

12. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் வீட்டில் தூங்குகிறதா? முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ரோஸ்கார்டன் சீக்வென்சரையும் ஃப்ளூயிட்சிந்தையும் ஜாக் என்ற மென்பொருள் வழியே இணைத்தால் சவுண்ட்ஃபான்ட் கோப்புகளை வைத்து மெட்டு எழுதிப் பார்க்கலாம். எல்லாமே இலவசம். 1986ல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சர் பயன்படுத்தியபோது இருந்ததைவிட எத்தனையோ மடங்கு பலமான இயந்திரம் அது.

13. ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைத்தால் சில பழைய சாம்ப்ளர்கள் கோப்பைக் கண்டுபிடிக்காது. ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். பாட்டை நகலெடுக்கும்போது சாம்பிள்களையும் சேர்த்து எடுங்கள்.

14. தெலுங்குப் பாடகிக்கு ஒரு கட்டை ஏற்ற வேண்டும் என்றால் சீக்வென்சரில் டிரான்ஸ்போஸ் செய்தால் போதும். அதற்கு முன் பாட்டை வேறு பெயரில் சேமித்து, டிரம்ஸ் டிராக்கை மட்டும் விலக்கிவிடுங்கள். டிரம்ஸில் ஒவ்வொரு எண்ணும் ஒரு வாத்தியம். ஜெனரல் மிடி வரிசையில் கிக் டிரம் 36, ஸ்நேர் 38. எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு எண் ஏற்றினால் கிக் இருந்த இடத்தில் எல்லாம் ஸ்நேர் அடிக்கும். நீங்கள் பதிந்த தப்பட்டைக்கும் இதே விதிதான். ஏற்கெனவே ஃப்ரீஸ் செய்த டிராக் டிரான்ஸ்போஸுக்கு நகராது. முதலில் ஃப்ரீஸை எடுத்துவிட்டு, ஏற்றிய பிறகு மறுபடி போடுங்கள்.