அரம் கடைசியில்தான்

“அண்ணே, ரெண்டாவது ஃப்ரெட்ல பஸ்ஸிங் வருது. எல்லாத்தையும் மாத்திடுங்க.” கிட்டாரை மேசையில் வைக்கும்போதே பலரும் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்கள். மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையில் வருபவை உண்மையில் கொஞ்சம்தான். இருந்தும் ஃப்ரெட் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அரம். என் வேலையில் அதற்கு இடம் கடைசியில்தான்.

புது ஃப்ரெட் மரத்துக்கு மேலே ஏறத்தாழ 1 முதல் 1.2 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். அது 0.6க்கு அருகில் இறங்கிவிட்டால் விரல் நுனி மரத்தில் உரசத் தொடங்கும், கம்பியை இழுத்து வாசிப்பது சிரமமாகும். நடுவே இருக்கும் அந்த அரை மில்லிமீட்டர்தான் ஒரு ஃப்ரெட்டின் மொத்த ஆயுள். அரிவாள்மனையைத் தீட்டத் தீட்ட இரும்பு குறைவதுபோல, ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் இந்த ஆயுளில் கொஞ்சம் போகிறது.

வீணையில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால், மெழுகை இளக்கி மெட்டைச் சரிசெய்து மறுபடி மேளம் கட்டிவிடலாம். கிட்டாரில் ஃப்ரெட்டின் அடிப்பகுதி மரத்தில் அறுத்த குறுகிய பள்ளத்துக்குள் இறுக்கமாக இறங்கி நிற்கிறது. தேய்ந்ததைத் தூக்கி நிறுத்த வழியில்லை. தேயாமல் இருப்பவற்றைத் தாழ்த்தி அதனோடு சமமாக்குகிறோம். முதல் மூன்று ஃப்ரெட் தேய்ந்ததற்கு மீதி எல்லாம் சேர்ந்து விலை கொடுக்கின்றன. இதனால்தான் அரம் எடுக்க நான் தயங்குகிறேன்.

பெரும்பாலான கிட்டார்களில் இருக்கும் ஃப்ரெட் ‘நிக்கல் சில்வர்’. பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். அதன்மேல் அழுந்தும் கம்பி அதைவிடக் கடினமான எஃகு, எனவே தேய்வது ஃப்ரெட்தான். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் இந்தத் தேய்மானம் மிக மெதுவாகவே வரும்.

தேய்ந்த வடிவத்தைப் பார்த்தால் வாசிப்பவரின் கை தெரியும். தேவாலயத்திலோ மெல்லிசைக் குழுவிலோ கார்டு பிடித்து வாசிப்பவர்களுக்கு முதல் மூன்று ஃப்ரெட்டில், மெல்லிய கம்பிகளுக்கு நேர் கீழே, நகத்தால் கீறியதுபோல் குறுகிய பள்ளம் விழும். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து லீட் வாசிப்பவர்களுக்கும், கிட்டாரில் கமகம் கொண்டுவருபவர்களுக்கும் பள்ளம் விழாது. ஃப்ரெட்டின் உச்சி பரவலாக மழுங்கித் தட்டையாகும். இரண்டாவது வகையைப் பலர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் இரைச்சல் வராது. சுருதிதான் கெடும். வளைவான உச்சியில் கம்பி நடுவில் தொடும். தட்டையாகிவிட்டால் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பில் தொடும். 648 மில்லிமீட்டர் ஸ்கேல் உள்ள கிட்டாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தொடுபுள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் சுரம் ஏறக்குறைய 5 சென்ட் கூடிவிடும், அதாவது அரைச் சுரத்தில் இருபதில் ஒரு பங்கு. டியூனரில் திறந்த கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் மேலே போகப் போக ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றினால் முதலில் ஃப்ரெட்டின் உச்சியைப் பாருங்கள்.

பஸ்ஸிங் என்று வந்தால் நான் செய்வது இதுதான். முதலில் புதுக் கம்பி போடுவேன். பழைய கம்பியின் அடிப்பக்கம் ஃப்ரெட் பட்டுப் பட்டு நசுங்கியிருக்கும், அதுவே இரையும். அடுத்து நெக். முதல் ஃப்ரெட்டையும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் போல இடைவெளி வேண்டும். அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. பைக் மெக்கானிக் டாப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். இடைவெளியே இல்லையென்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பல கிட்டார்கள் இந்த இடத்திலேயே குணமாகிவிடும்.

அதன்பிறகும் ஒரே இடத்தில் இரைந்தால், அழுத்தும் ஃப்ரெட் தாழ்ந்திருக்கலாம், அல்லது அதற்கு அடுத்தது பள்ளத்திலிருந்து லேசாகக் கிளம்பியிருக்கலாம். நேரான சிறு உலோகத் துண்டு ஒன்றை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டினால், நடுவிலுள்ளது உயர்ந்திருந்தால் டக் டக்கென்று ஆடும். கிளம்பிய ஃப்ரெட்டை அராவாதீர்கள். மெல்லத் தட்டி உள்ளே இறக்கி, நீர்போல் ஓடும் சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டுக் கட்டை வைத்து இறுக்கினால் போதும்.

உண்மையிலேயே தேய்ந்திருந்தால்தான் அடுத்த வேலை. கம்பியைக் கழற்றி, நெக்கை நேராக்கி, மரத்தை முழுக்க மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள். எலெக்ட்ரிக் என்றால் பிக்கப்பையும் மூடுங்கள், துகள் உள்ளே போகாமல் இருக்கும். எல்லா ஃப்ரெட்டின் உச்சியிலும் மார்க்கரால் கறுப்பு பூசுங்கள். வளையாத நேரான சட்டம் ஒன்றில் 320 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, நெக்கின் நீளவாக்கில், அழுத்தாமல், சட்டத்தின் எடை மட்டும் படும்படி தேயுங்கள். மை அழிவதே உங்களுக்கு வழிகாட்டி. எல்லா உச்சியிலும் மை போய், பள்ளங்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது நிறுத்திப் பாருங்கள். ஆழமான ஒரே ஒரு பள்ளத்தின் அடிவரை போக வேண்டும் என்று முழு நெக்கையும் தேய்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஒரு ஃப்ரெட்டை மட்டும் மாற்றிவிடலாம்.

இப்போது எல்லா உச்சியும் தட்டையாக இருக்கும். மறுபடி மை பூசி, குழிந்த முகமுள்ள கிரவுனிங் அரத்தால் இருபுறமும் சரித்து வாருங்கள், உச்சியில் தலைமுடி அளவுக்கு மைக்கோடு மிஞ்சும்வரை. அந்தக் கோட்டையும் அழித்துவிட்டால் சமப்படுத்தியது வீண். பொறுமை முழுவதும் இங்கேதான் வேண்டும். பிறகு 600, 1000, 2000 என்று வாட்டர் பேப்பரில் ஏறி, கடைசியில் பிராஸோ போட்டுத் துடைத்தால் கண்ணாடிபோல் வரும். மெருகு அழகுக்காக மட்டும் அல்ல. கீறல் மிச்சமிருந்தால் கம்பியை இழுக்கும்போது விரலில் கரகரவென்று தெரியும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள். கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து துருப்பிடிக்கும் கம்பியே ஓர் அரமாகிவிடும். காப்போவைச் சுரம் தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். நாள் முழுக்க ஏசி அறையில் இருக்கும் கிட்டாரில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். அது தேய்மானம் அல்ல, முனையை மட்டும் மழுக்கினால் சரி.

மாற்றத்தான் வேண்டும் என்றால் முதல் நாலைந்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நல்ல கைக்காரர் சால்டரிங் அயர்னால் ஃப்ரெட்டைச் சூடேற்றி, ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளப்புவார். சூடு காட்டாமல் பிடுங்கினால் ரோஸ்வுட் சிம்பு சிம்பாகப் பெயரும். முழுக்க மாற்றும் நிலையில், தினமும் மணிக்கணக்கில் வாசிப்பவர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் போடச் சொல்வேன். தேய்வது மிக மிகக் குறைவு. வளைக்கவும் வெட்டவும் அது கருவியைப் படுத்தும் பாட்டுக்குக் கூலி கூடுதலாகவே கேட்பார்கள், அது நியாயமான கூலிதான். வாரம் ஒருமுறை எடுத்து வாசிக்கும் கிட்டாருக்கு நிக்கல் சில்வரே போதும்.