சென்ட்ரல் லாக் நம்மை உள்ளே அடைத்துவிடுமா?

சித்திரையில் வீரபாண்டி கவுமாரியம்மன் திருவிழா, கார்த்திகை பிறந்தால் குமுளி வழியே சபரிமலை, லீவு விட்டால் சுருளி, கும்பக்கரை. கம்பம் பள்ளத்தாக்கில் கார்கள் ஓய்ந்து நிற்கும் மாதம் குறைவு. கார் கதவைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வதும் அதுபோல ஓய்வதில்லை. அவற்றில் ஐந்தை மட்டும் இங்கே சரிபார்க்கலாம்.

நம்பிக்கை 1: மலை ஏறும்போது லாக் போடக் கூடாது, கவிழ்ந்தால் மாட்டிக்கொள்வோம்.

உண்மை: போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பின் சீட்டுப் பையன் விளையாட்டாகக் கைப்பிடியை இழுத்துவிடும் ஆபத்துதான் முதலில் வரும். லாக் தடுப்பது அதைத்தான். விபத்தில் ஏர்பேக் விரிந்ததும் கதவுப் பூட்டுகளைத் தானே விடுவிக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. உருளும் வண்டியிலிருந்து ஆள் வெளியே வீசப்படாமல் பிடித்து வைப்பது சீட் பெல்ட். பின் சீட்டில் இருப்பவர்களும் அதைப் போடுவது சட்டப்படி கட்டாயம்.

நம்பிக்கை 2: பேட்டரி செத்தால் கதவு திறக்காது.

உண்மை: பூட்டுவதும் விடுவிப்பதும் கதவுக்குள் இருக்கும் சின்ன மோட்டாரின் வேலை. ஆனால் உள் கைப்பிடியிலிருந்து கதவுக் கொக்கிக்குப் பெரும்பாலான கார்களில் கம்பியோ கேபிளோ போகிறது, அதற்குக் கரண்ட் வேண்டாம். முன்கதவின் கைப்பிடியை ஒருமுறையோ இருமுறையோ இழுத்தால் போதும். சில வண்டிகளில் முதலில் குமிழைத் தூக்க வேண்டும். மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்க வழி இருக்க வேண்டும் என்பது 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கான விதி. பட்டன் ஸ்டார்ட் வண்டியா? ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், ஒருமுறை உருவிப் பாருங்கள்.

நம்பிக்கை 3: சென்ட்ரல் லாக், சைல்டு லாக் எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: குழப்பமே இங்கேதான். பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள், விரல் நுனி அளவு நெம்பு ஒன்று இருக்கும், அதுதான் சைல்டு லாக். அதைத் தள்ளிவிட்டால், டிரைவர் எல்லா லாக்கையும் எடுத்துவிட்ட பிறகும் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. வெளியிலிருந்துதான் திறக்கும். சொந்தக் காரில் குழந்தைக்காக வைத்த ஏற்பாடு இது. டாக்ஸியில் பெண்களைச் சிறை வைக்கவும் பயன்படலாம் என்பதால், 2019 ஜூலை 1 முதல் புது டாக்ஸிகளில் இதற்குத் தடை. வாடகைக் காரில் ஏறியதும் பின்கதவைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், “அண்ணே, இந்த சைல்டு லாக்கை எடுத்துவிடுங்க” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நம்பிக்கை 4: கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்தால் குழந்தை காருக்குள் தூங்கலாம்.

உண்மை: ஐந்திலும் கொடியது இது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நின்றிருந்த காருக்குள் விளையாட ஏறிய 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் அதேபோல 4 குழந்தைகள். ‘மூச்சுத்திணறல்’ என்றுதான் செய்தி வரும், ஆனால் பூட்டிய காரில் காற்று தீருவதற்கு வெகு முன்பே வெப்பம் ஆளைக் கொன்றுவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் அது பெரிதாகக் குறைவதில்லை என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகிறது. திருவிழாத் திடலில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் 112-க்குச் சொல்லுங்கள். குழந்தை துவண்டிருந்தால் யாருக்கும் காத்திராமல், அது இருக்கும் இடத்திலிருந்து தள்ளியுள்ள பக்கக் கண்ணாடியை உடையுங்கள்.

நம்பிக்கை 5: வாய்க்காலில் விழுந்தால் தண்ணீர் உள்ளே நிரம்பும்வரை காத்திருந்து கதவைத் திறக்க வேண்டும்.

உண்மை: வாய்க்கால் கரையை ஒட்டி ரோடு போகும் ஊர்க்காரர்கள் இதை மறக்கவே வேண்டும். ஒரு சதுர மீட்டர் கதவு 1 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கினால், அதன்மேல் சுமார் 500 கிலோ பாரம் அழுத்தும். கார் மிதக்கும் முதல் ஒரு நிமிடம்தான் கையில் இருக்கிறது. கதவோடு மல்லுக்கட்டாமல் பெல்ட்டை அவிழ்த்து, கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் தள்ளி, பின்னாலேயே வெளியேறுங்கள். பவர் விண்டோ அந்தச் சில நொடிகள் பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான சுத்தியால் அடியுங்கள். முன்கண்ணாடி ஒட்டுக்கண்ணாடி, அதை அடித்து வழி எடுக்க முடியாது.

ஆக, பூட்டு நமக்கு எதிரி இல்லை. எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் சிக்கல். அடுத்த பயணத்துக்கு முன் வீட்டில் உள்ள எல்லோரையும் ஒவ்வொரு சீட்டிலும் உட்காரவைத்து, லாக் போட்டு, தாங்களே திறந்து இறங்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் முன்சீட்டுக்குத் தாவி ஹாரனை விடாமல் அழுத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் நிற்கும்போதும் காரைப் பூட்டி, சாவியை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.