பாதி விலைக்கு வரும் ஸ்ரீரங்கத்து வீடு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. திருவானைக்காவலில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கையிருப்பு 6 லட்ச ரூபாய். பழைய கடனில் தவணை தவறியதால் சிபில் ஸ்கோர் விழுந்து, எந்த வங்கியும் கடன் தரவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு மார்க்கெட் விலையில் பாதிக்கு வருகிறது. 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டு, வீட்டைப் பழுது பார்த்து, அப்படியே வேறு பார்ட்டிக்குக் கைமாற்றிவிடலாம் என்கிறார் புரோக்கர். இறங்கலாமா?

பதில்: இந்த வீட்டில் இறங்காதீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு பாதி விலைக்கு வந்தால், சுவரைப் பார்ப்பதற்கு முன் மனை யாருடையது என்று கேட்க வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அடிமனைப் பிரச்சினை, அதாவது வீடு நிற்கும் நிலம் யாருடையது என்ற தகராறு, நெடுநாளாக ஓயவில்லை. அடிமனை ரங்கநாதசுவாமி கோயிலுக்கே சொந்தம் என்கிறது கோயில் நிர்வாகம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் அந்தத் தகராறுக்குள் 6 லட்சத்தோடு போய் நிற்க வேண்டியவர் நீங்களல்ல. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் சொத்தை விற்றால் அது செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அத்தகைய பத்திரத்தைப் பதியாமல் மறுக்கச் சார்பதிவாளரைக் கட்டாயப்படுத்துகிறது. நீங்கள் பார்த்த வீட்டின் மனை கோயிலுடையதாக இருந்தால், எவ்வளவு அழகாகச் செப்பனிட்டாலும் வாங்குபவர் பெயருக்குப் பத்திரம் ஆகாது.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்பார் புரோக்கர். முன்பு பதிவான பத்திரங்கள்தான் அதில் தெரியும். அது உரிமைக்குச் சாட்சியாகாது. நகர நில அளவைப் பதிவேட்டில் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, மனை சுத்தமான வீடே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சம் வீட்டை உங்கள் பெயரில் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3.6 லட்சம். வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் கணக்கு அதன்மேல். இதைத் தவிர்க்கத்தான் அக்ரிமென்ட்டோடு கைமாற்றச் சொல்கிறார்கள். ஆனால் அக்ரிமென்ட் சொத்தில் எந்த உரிமையும் தருவதில்லை. 'எனக்கு விற்றுக்கொடு' என்று கேட்கும் உரிமைதான் தருகிறது. ஆறு மாதத்தில் ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திரும்பப் பெறுவதே பெரும்பாடு. நீங்கள் பூசிய சிமெண்ட் முழுக்க வீட்டுக்காரருடையது. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டதோடு விட்டுவிடாதீர்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய 24 மாதத்துக்குள் விற்றால் வரும் லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்த்தே வரிக்கு உட்படும்.

பழுது பார்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் தீவில் சுவரின் அடிப்பாகம் ஈரம் உறிஞ்சி உப்புப் பூக்கும். மேலே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உதிரும். மர உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு திருப்புளியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையான் முன்பே குடியேறிவிட்டது. செலவில் பாதி கூரைக்கே போய்விடும்.

உங்களுக்கு வேலை வாங்கத் தெரியும், பழைய வீடுகளின் மீது பிரியமும் இருக்கிறது என்றால் வேறொரு வழியில் முயலுங்கள். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, உறையூர், தில்லைநகர்ப் பக்கம் பூட்டிய வீட்டை விற்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. பட்டா சுத்தமாக உள்ள அத்தகைய வீட்டை, உரிமை அவரிடமே இருக்க, நீங்கள் பழுது பார்த்துத் தருவதாகப் பேசுங்கள். செலவுக்கு உச்சவரம்பு, விற்றதும் முதலில் உங்கள் செலவு திரும்புவது, குறித்த விலைக்கு மேல் வருவதில் உங்கள் பங்கு, விற்காவிட்டால் எப்போது கணக்கு முடிப்பது என்பவற்றை வக்கீல் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் போடாதீர்கள். மீதியில் பழைய கடனின் பாக்கியை முழுதாகக் கட்டி, 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழை வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.