சிறுதொழிலுக்கு எந்த இணைய இணைப்பு?

மிளகாய்த்தூள் அரைத்து, பைக்கற்றில் அடைத்து விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து வட்ஸ்அப்பில் ஓடர் வருகிறது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் செத்தல் மிளகாய் விலையைக் கேட்டறிய வேண்டும். பணம் வங்கிக்கு வந்துவிட்டதா எனப் பார்க்க வேண்டும். இவ்வளவிற்கும் கைத்தொலைபேசியின் டேட்டாவே போதுமானது. விற்பனை முகவர் இதைச் சொல்லமாட்டார் என்பதால் முதலிலேயே நான் சொல்லிவிடுகிறேன்.

கடையில் இரண்டு மூன்று கணினிகள் இயங்கினாலோ, தூர இடத்திலிருந்து பார்க்கக் கமரா பூட்டினாலோ கணக்கு மாறும். ஒரு கமரா செக்கனுக்கு 1 மெகாபிட் வீதம் இரவு பகலாக அனுப்பினால் நாளொன்றுக்கு 10 ஜிகாபைட்டுக்கு மேல் போய்விடும். விளம்பரத்தில் எழுதும் வேகம் மெகாபிட்டில் உள்ளது; படத்தின் அளவோ மெகாபைட்டில். 8 மெகாபிட் சேர்ந்ததே 1 மெகாபைட். அத்துடன், இறக்கும் வேகத்தை மட்டுமன்றி ஏற்றும் வேகத்தையும் கேளுங்கள். பொருளின் படத்தை அனுப்புகிறவருக்கு அதுவே முக்கியம்.

ஒளியிழைக் கம்பி உங்கள் வீதியால் போகுமாயின் அதுவே சிறந்தது. பழைய செப்புக்கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். நான்கைந்து கிலோமீற்றருக்கு அப்பால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 4ஜி றவுட்டர் கோபுரத்தை நம்பியது. அக்கோபுரத்தை ஊரே பங்கிடுவதால் மாலையில் மந்தமாகும். 2025இல் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணைப்பு கோபுரமில்லாத இடத்துக்கும் எட்டும். ஆனால் விலை அதிகம், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். பனையோ மாமரமோ வானத்தை மறைத்தால் தடைப்படும்.

நம்மிற் பலருக்கு இன்னொரு கேள்வி உண்டு. இருக்கும் காணி நம்முடையதா? உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர் கம்பி இணைப்பு எடுத்தால், சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் அதற்குக் கட்டிய பணத்தை அங்கேயே விட்டுப்போக நேரிடலாம். அத்தகையோருக்கு றவுட்டரே ஏற்றது. ஆயினும் சில றவுட்டர்களைப் பதிவுசெய்த இடத்தில் மட்டுமே பாவிக்கலாம். “வேறு ஊருக்குக் கொண்டு போனால் வேலை செய்யுமா? ஒப்பந்தம் எத்தனை மாதம்? இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்?” எனக் கையொப்பமிட முன்னர் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாங்குமுன் அயலவரிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இரவல் பெற்று, இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், வேலை நடக்கும் இடத்திலேயே சோதியுங்கள். தகரக் கொட்டிலுக்குள் அலை நன்றாக நுழையாது. றவுட்டரை யன்னலோரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். மின்சாரம் நின்றால் ஒளியிழை றவுட்டரும் நின்றுவிடும். ஆகவே அதற்கென விற்கும் சிறிய பற்றரியின் விலையையும் செலவிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.