மார்பு நீச்சல் பழகும் பேத்திக்கு

குன்னத்தூர்

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் கிடைத்தது. பயிற்சியாளர் உன்னை ஃப்ரீஸ்டைலிலிருந்து மார்பு நீச்சலுக்கு மாற்றிவிட்டார் என்றும், நான்கு வகை நீச்சலில் எது மிகவும் மந்தமோ அதையே உன் தலையில் கட்டிவிட்டார் என்று உனக்கு மனஸ்தாபம் என்றும், தோழிகள் உன்னைத் தவளை என்று பரிகாசம் செய்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். மந்தம் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடந்த உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில், சுவீடன் தேசத்துச் சாரா ஷோஸ்ட்ரோம் 50 மீட்டரை ஃப்ரீஸ்டைலில் 23.61 விநாடியில் கடந்தார். மறுநாள் அதே தூரத்தை லிதுவேனியாவின் ரூத்தா மெய்லுதீத்தே மார்பு நீச்சலில் 29.16 விநாடியில் கடந்தார். இரண்டுமே பெண்களுக்கான உலக சாதனைகள். ஆயினும் இடையே ஐந்தரை விநாடி வித்தியாசம். அந்த ஐந்தரை விநாடி எங்கே செலவாகிறது என்று தெரிந்துகொண்டால், உனக்குக் கிடைத்திருப்பது தண்டனையா சன்மானமா என்பதை நீயே தீர்மானித்துக்கொள்வாய்.

ஃப்ரீஸ்டைலில் கை தண்ணீரைப் பின்னே தள்ளிய பிறகு, காற்றின் வழியாகத் தடையின்றி முன்னே திரும்பிவிடுகிறது. ஒரு கை ஓயும்போது மறு கை உழைப்பதால் உடல் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகிறது. மார்பு நீச்சலிலோ இரண்டு கைகளும் சேர்ந்தே வேலை செய்து சேர்ந்தே திரும்ப வேண்டும் என்பது விதி; முழங்கைகள் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே, எந்தத் தண்ணீரைப் பின்னே தள்ளி முன்னேறினோமோ அந்தத் தண்ணீரையே எதிர்த்துக்கொண்டு கைகளும் கால்களும் தம் பழைய ஸ்தானத்துக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. குதிகாலை மேலே இழுக்கும் அந்தக் க்ஷணத்தில் உடலின் வேகம் வெகுவாக வீழ்ந்துவிடுகிறது. பிறகு உதை விழுந்ததும் மறுபடி சீறிப் பாய்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் இப்படி ஒரு வீழ்ச்சியும் ஒரு எழுச்சியும் உண்டு. ஆதலால் இந்தப் போட்டியில் வெற்றி, பலமாக உதைப்பவளுக்கு மட்டும் உரியதன்று. உதைக்கு ஆயத்தமாகும்போது தண்ணீரின் கண்ணில் படாமல் ஒடுங்கிக்கொள்ளத் தெரிந்தவளுக்கே உரியது.

உன் அம்மாவுக்கு மிதவையாகச் சுரைப்புரடை கட்டி நீச்சல் பழக்கிய நம் தோட்டத்துக் கிணற்றில் ஊர்ப் பிள்ளைகள் எப்படி நீந்துவார்கள் என்று நினைவிருக்கிறதா? தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, பேசிச் சிரித்தபடி, கைகால்களை அகல விரித்து நீந்துவார்கள். தலை உயர உயர இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் தொடைகள் இரண்டும் பலகை போலத் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும். வெயிலுக்கு இதமாகக் குளிக்க அது உத்தமமான முறை. பந்தயத்துக்கு அது விஷம். முழங்காலை வயிற்றுக்கு அடியில் இழுக்காமல், குதிகாலை மட்டும் பின்புறம் கொண்டுவந்து, பாதங்களை வெளிப்புறம் திருப்பி உதைக்கும்படி உன் பயிற்சியாளர் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம். அவர் குரல் கடுமையாக இருந்தாலும் அதைக் கேட்டு நட.

இனி, உன் 50 மீட்டர் பந்தயத்துக்கே உரிய ஒரு தர்மசங்கடத்தைச் சொல்கிறேன். 200 மீட்டர் நீந்துகிறவள் ஒவ்வொரு உதைக்குப் பிறகும் உடலை நீட்டிச் சற்று நேரம் வழுக்கிக்கொண்டு போகலாம். அந்த அவகாசத்தில் தசைகளுக்கும் இளைப்பாறுதல் கிடைக்கிறது. 50 மீட்டர் நீந்துகிறவளுக்கு அந்த அவகாசம் இல்லை. வழுக்கும் நேரத்தைக் குறைத்தால் வீச்சுகள் பெருகும், ஆனால் உருவம் கலையும். உருவத்தைக் காத்தால் வீச்சுகள் குறைந்து எதிராளி முந்திவிடுவாள். பதற்றத்தின் உச்சியில் நின்றுகொண்டு பதறாமல் இருக்க வேண்டிய இந்த அவஸ்தைதான், என் அபிப்பிராயத்தில், நீச்சல் போட்டிகளிலேயே இதை மிகவும் நுட்பமானதாக்குகிறது.

மெய்லுதீத்தேயின் கதையை நீ அறிந்திருக்க வேண்டும். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. அடுத்த ஆண்டு பார்சிலோனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், 50 மீட்டர் அரையிறுதியில் 29.48 விநாடியில் உலக சாதனையும் படைத்தார். ஆனால் மறுநாள் இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் யூலியா எஃபிமோவா 29.52 விநாடியில் சுவரைத் தொட, சாதனைக்காரி 29.59-இல் இரண்டாமிடம் பெற்றார். ஒரே இரவுக்குள் தம்முடைய சொந்த நேரத்தைவிட விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தியதுதான் அவர் செய்த குற்றம். பிற்காலத்தில் ஊக்கமருந்துப் பரிசோதகர்களுக்கு இருப்பிடம் தெரிவிக்கும் கடமையில் மூன்று முறை தவறியதால் 2019 முதல் இரண்டாண்டு தடை பெற்றார். அதற்குச் சற்று முன்பே ஓய்வையும் அறிவித்திருந்தார். இதை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், நீ யாரை ஆதரிசமாகக் கொண்டாலும் அவருடைய முழுச் சரித்திரத்தையும் தெரிந்துகொண்டே கொள்ள வேண்டும் என்பதுதான். தடை முடிந்து திரும்பியவர் 2022-இல் புடாபெஸ்ட் நகரில் 29.70 விநாடியில் உலகப் பட்டம் வென்றார். இரண்டாமவர் இத்தாலியின் பெனெடெட்டா பிலாட்டோ, 29.80, மூன்றாமவர் தென்னாப்பிரிக்காவின் லாரா வான் நீகெர்க், 29.90. மறு ஆண்டுதான் நான் முதலில் சொன்ன ஃபுகுவோகா. அங்கே அரையிறுதியில் 29.30 நீந்தி, பிலாட்டோ தம் பதினாறாவது வயதில் படைத்திருந்த சாதனையைச் சமன் செய்துவிட்டு, மறுநாள் அதையும் தாண்டிப் போனார். பத்து வருஷங்களுக்கு முன் அரையிறுதியோடு தீர்ந்துபோன வேகம் இம்முறை இறுதிவரை நிலைத்தது.

நம் ஊர்க்காரர்களுக்குச் சுவாரசியமான ஒரு சங்கதியும் இதில் உண்டு. 2008, 2009 ஆண்டுகளில் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகைப் பொருளால் செய்த நீச்சல் உடைகள் வந்தன. அவை உடலை இறுக்கித் தண்ணீரில் மிதக்கவும் துணை செய்தன. 2009-இல் ரோம் நகர உலக சாம்பியன்ஷிப்பில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன என்றால், நீந்தியது மனுஷியா உடையா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். 2010 ஜனவரி முதல் அத்தகைய உடைகள் தடைசெய்யப்பட்டன. காற்றும் தண்ணீரும் ஊடுருவும் ஜவுளித் துணியாகவே இருக்க வேண்டும், பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரையே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய உடையில் அமெரிக்காவின் ஜெசிக்கா ஹார்டி 2009-இல் நீந்திய 29.80 விநாடியை இனி யாராலும் நெருங்க முடியாது என்று பலரும் எண்ணியிருக்க, நான்கே ஆண்டில், பார்சிலோனாவில், வெறும் துணியுடுத்திய இரண்டு பெண்கள் ஒரே நாளில் அதை முறியடித்தார்கள். காலையில் எஃபிமோவா, மாலையில் மெய்லுதீத்தே. பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வாழும் எனக்கு, துணியின் கௌரவம் மீண்டுவிட்டதாக ஓர் அற்ப சந்தோஷம். உன்னுடைய பயிற்சி உடை நைலானும் லைக்ராவும் கலந்து பின்னியது. குளத்துக் குளோரின் லைக்ராவை அரித்துவிடும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்து.

நம் நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீ கேட்கலாம். ஆங்கிலக் கால்வாயை 1959-இல் நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் என்று ஆரதி சாஹாவைப் பள்ளிப் புத்தகங்கள் அறிமுகப்படுத்தும். அதற்கு முன்பே அவர் மார்பு நீச்சல்காரி என்பதைப் பலர் அறியார். 1951-இல் மேற்கு வங்க மாநிலப் போட்டியில் 100 மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 விநாடியில் நீந்தி, டாலி நஸீரின் அகில இந்திய சாதனையை முறியடித்தார். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் இந்தியாவின் சார்பாக இறங்கியபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. திரும்பி வந்தபின் ஃப்ரீஸ்டைலில் தம் சகோதரி பாரதியிடம் தோற்று, அதற்குப் பிறகு மார்பு நீச்சலிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தினார். உன் பயிற்சியாளருக்கு இந்த விஷயம் தெரியுமோ தெரியாதோ, அவர் செய்திருப்பதற்கு உயர்ந்த முன்னுதாரணம் இருக்கிறது.

பிற்கால நிகழ்ச்சி ஒன்று 2016 பிப்ரவரியில் நம் குவாஹாட்டியிலேயே நடந்தது. தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் வங்கதேசத்தின் மஹ்ஃபுஸா காத்துன் ஷிலா 100 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றதோடு, 50 மீட்டரையும் 34.88 விநாடியில் நீந்தி, இலங்கையின் மயூமி ரஹீம் 2006-இல் கொழும்பில் நிலைநாட்டிய 34.97 என்ற போட்டிச் சாதனையைத் தகர்த்தார். இந்த நேரத்தையும் 29.16 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு வெட்கம் வரலாம். எனக்கு வரவில்லை. வருஷம் முழுவதும் நீந்த ஒரு குளம் கிடைப்பதே அபூர்வமான பிரதேசங்கள் இவை. நம் பக்கத்துக் கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களுக்கு நீரை இழந்து வறண்டு கிடக்க, பிள்ளைகள் நீச்சல் கற்கும் வழியே அடைபட்டுவிட்டது. திறமைக்குப் பஞ்சம் என்று சொல்லுமுன் தண்ணீருக்குப் பஞ்சம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2001 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் நடந்துவரும் இந்த 50 மீட்டர் மார்பு நீச்சல் ஒலிம்பிக்கில் இதுவரை இடம்பெறவில்லை. 2028-இல் லாஸ் ஏஞ்சலஸில்தான் சேர்கிறது. ஆகவே உன் பந்தயம் ஏளனத்துக்குரியது என்று நினைக்கும் தோழிகளிடம் இதையும் தெரிவி.

கடைசியாக இரண்டு காரியம். குதித்தவுடன் தண்ணீருக்கடியில் கையைத் தொடை வரை இழுக்கும் ஒரு வீச்சுக்கும், அதற்கு முன்போ அதனூடேயோ டால்பின் பாணியில் ஒரே ஓர் உதைக்கும் அனுமதி உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கோஸுகே கிடாஜிமா அவ்வாறு உதைத்தார் என்று எழுந்த சச்சரவுக்குப் பிறகே, அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. இரண்டாவது உதை வந்தால் தகுதி நீக்கம். முடிவில் சுவரை இரு கைகளாலும் ஒரே சமயத்தில் தொட வேண்டும். அவசரத்தில் ஒரு கை முந்தினாலும் அதே கதி. அடுத்த கடிதத்தில் உன் நேரத்தை மட்டும் எழுதாமல், ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு என்பதையும் எண்ணி எழுது.

இப்படிக்கு,
உன் அப்புச்சி