விதை வியாபாரம்: ஒரு வரியில் இரண்டு வாக்குறுதி

'விதை ஒன்று போட, சுரை ஒன்று முளைக்குமா?' என்பார்கள். வத்தகப்பழ விதையை வாங்கி விற்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் ஆழமாக யோசிக்க வேண்டும்.

விதை டின்னில் 'குளிரைத் தாங்கும், அதிக விளைச்சல் தரும்' என ஒரே வரியில் எழுதியிருந்தாலும் இவை ஒரே தரமான வாக்குறுதிகள் அல்ல.

முதலில் குளிர். வத்தகை ஆபிரிக்காவின் வெப்பப் பயிர். வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சில இனங்களின் நாற்றுகளில் இலை நிறம் மாறிப் பாதிப்படையும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் ப்ரொவிடென்டி, சிம்பாப்வே நாட்டு விதைகளில் இதைத் தாங்கும் செடிகளைக் கண்டு 1992இல் அறிவித்தார். இக்குணத்துக்குக் காரணம் ஆட்சியான ஒரே பரம்பரையலகு. தாங்கும் தூய இனத்தைத் தாங்காத இனத்தோடு கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் தாங்கும். அவற்றின் விதையை மீண்டும் போட்டால் நான்கில் மூன்று தாங்கும், ஒன்று தாங்காது. கணக்கு நேரானது. நாற்றிலேயே சோதித்துத் தேறியதை வைத்துக்கொள்ளலாம்.

விளைச்சல் அப்படியல்ல. ஒரு கொடியில் எத்தனை பழம், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்பதைப் பல பரம்பரையலகுகள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அத்தோடு மண், நீர், பசளை, பூவுக்கு வரும் தேனீ எல்லாம் பங்கு கேட்கும். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குஸ்மினி, வேனர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வும், பழ எடை பரம்பரையாக இறங்கும் அளவு குறைவு என்றே காட்டியது. எனவே பெரிய பழத்தின் விதையெல்லாம் பெரிய பழம் தராது. அது நல்ல மண்ணில் நின்ற அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

வியாபாரிக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு.

ஒன்று, கலப்பினப் பழத்தின் விதையை எடுத்து அதே இனம் என்று விற்காதீர்கள். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். விவசாயிக்கு ஒரு போகம் நட்டம், உங்களுக்கு நம்பிக்கை நட்டம்.

இரண்டு, விளைச்சல் பற்றிய பேச்சை ஒரு தோட்டத்தைப் பார்த்து நம்பாதீர்கள். பல இடங்களில், பல போகங்களில் என்ன கிடைத்தது என்று விசாரியுங்கள்.

மூன்று, தேவையற்ற குணத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அம்பாந்தோட்டை, புத்தளம் போன்ற நமது உலர் வலயத்தில் குளிர் தாங்கும் குணம் பெரிதாக உதவாது. அங்கு வெயிலையும் நோயையும் தாங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விதை சிறியதுதான். ஆனால் அதை வாங்கும் விவசாயி ஒரு போகத்து உழைப்பையே அதை நம்பி மண்ணில் போடுகிறான்.