உடம்பு மறைக்கும் சிக்னல்: அளக்கத் தெரிந்தால் வேலை

நெஞ்சில் ஒரு சென்சார், பின்பாக்கெட்டில் அதன் தகவலை வாங்கும் பெட்டி. இரண்டுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. ஆனாலும் தகவல் தவறுகிறது. குற்றவாளி உடம்புதான். தசையிலுள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும். அறைக்குள் என்றால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலை கைகொடுக்கும். வெட்டவெளியில் அந்த உதவியும் இல்லை.

இந்த இழப்பை எண்ணில் காட்டுபவர் சோதனைப் பொறியாளர். மருத்துவக் கருவி, கைக்கடிகாரம், தொழிலாளர் பாதுகாப்புக் கருவி செய்பவர்களுக்கு அவர் தேவை. உடம்பைச் சுற்றிய வலையமைப்புக்கென்றே ஐஇஇஇ 802.15.6 தரநிலை 2012இல் வந்தது. கடைக்கு வரும் பொருள்களில் ப்ளூடூத்தின் ராஜ்ஜியம்தான்.

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அலை எதிரொலிக்காத சோதனை அறை கட்டப் பெரும் பணம் வேண்டும். வற்றிய கண்மாயின் நடுவில் நின்றாலோ, தரையைத் தவிர அலையைத் திருப்பியனுப்ப ஏதுமில்லை. கருவேலம்புதரை விட்டு மட்டும் தள்ளி நில்லுங்கள். வறண்ட ஊர் என்று நொந்துகொள்பவர்கள் இந்த ஒரு விஷயத்திலாவது சந்தோஷப்படலாம்.

இந்தச் சோதனைக்கு, அனுப்ப ஒன்றும் வாங்க ஒன்றுமாக, ஈஎஸ்பி32 என்னும் வயர்லெஸ் சில்லு பதித்த இரண்டு பலகைகளும் பவர்பேங்குகளும் போதும். இணைப்பு வைத்த ப்ளூடூத்தில் அளக்காதீர்கள். தவறிய தகவல் பாக்கெட்டைச் சில்லே மறுபடி அனுப்பி, இழப்பை மறைத்துவிடும். அதே பலகையில் உள்ள ஈஎஸ்பி-நவ் என்னும் முறையில், பதில் எதிர்பாராமல், எல்லோருக்குமாக அனுப்புங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் கொடுங்கள். அனுப்பும் திறனைக் குறைத்து வையுங்கள். முழுத் திறனில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பலகை தோலை ஒட்டினால் ஆன்டெனாவின் இசைவு மாறும் என்பதால், இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். நிற்பது, குத்தவைப்பது, நடப்பது என ஒவ்வொரு நிலைக்கும் ஆயிரம் பாக்கெட்.

அடுத்துத்தான் பலரும் சறுக்குகிறார்கள். வந்த சிக்னலின் வலிமைக்குச் சராசரி எடுத்து, மைனஸ் 78 டிபிஎம், பிரமாதம் என்று எழுதிவிடுவார்கள். வராத பாக்கெட்டுக்கு வலிமையே பதிவாகாதே! இழப்பு கூடக்கூடச் சராசரி அழகாகத் தெரியலாம். ஆகவே இழப்பு விழுக்காட்டை முதலில் போடுங்கள். அடுத்து, தொடர்ச்சியாக எத்தனை பாக்கெட் தவறின என்பதை. இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவியில் அங்குமிங்குமாகப் பத்து போவதும், ஒரே மூச்சில் பத்து போவதும் ஒன்றல்ல.

அதே சோதனையை ஒரு தகரக் கொட்டகைக்குள்ளும் செய்து, இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வையுங்கள். இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஒப்புதல் வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை தரமணியில் உள்ள சமீர் போன்ற சோதனைக்கூடங்களின் வேலை அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். நேர்காணலுக்குச் சான்றிதழ்களோடு அந்த அட்டவணைகளையும் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட அவற்றைப் பற்றி அதிகம் கேட்கலாம்.